வாடகை வீடும் வாடகைச் சட்டமும்: நம் பகுதியின் ஒரு நூற்றாண்டு வரலாறு

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்தைக் கடந்து செல்லாமல் சென்ட்ரலில் வந்து இறங்கியவர் எவரும் இலர். ஆனால் அங்கே இறங்கிப் பார்த்தவர் மிகக் குறைவு. அரக்கோணம் வழியும் கும்மிடிப்பூண்டி வழியும் கடற்கரை வழியும் பிரிகின்ற அந்தச் சந்திப்பைச் சுற்றி, பக்கிங்காம் கால்வாயின் இரு கரைகளிலும், ரயில்வே பணிமனைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்களே. நம் மஹல்லாவின் மூத்தவர்களைக் கேட்டால், தாம் பிறந்த வீடு இன்னாருடையது, அதற்கு மாத வாடகை இவ்வளவு என்று சொல்வார்களேயன்றி, "எங்கள் வீடு" என்று சொல்பவர் ஓரிருவரே இருப்பர்.

இந்நிலை நம் கண் முன்னரே மாறியது. வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தையும், பாரிமுனையிலும் மண்ணடியிலும் கடை வைத்துச் சேர்த்த பணத்தையும் கொண்டு, அரை மனை, கால் மனை வாங்கி, கீழே தாம் குடியிருந்து மேலே ஒரு மாடியோ இரண்டு மாடியோ எழுப்பி வாடகைக்கு விடும் சகோதரர்கள் நம்மிடையே பெருகியுள்ளனர். நேற்றுவரை குடித்தனக்காரராக இருந்தவர் இன்று வீட்டுக்காரர். இம்மாற்றத்தோடு நம் ஜமாஅத் அலுவலகத்துக்கு ஒரு புது வகை வழக்கும் வரத் தொடங்கியது. முன்பெல்லாம் "வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார்" என்று வருவார்கள். இப்பொழுது "குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கிறார்" என்று வருகின்றனர்.

அவற்றுள் ஒன்றை மட்டும் பெயரின்றிக் குறிப்பிடுகிறோம். பதினெட்டு ஆண்டுகள் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்து, பிறகு சொந்தமாக வீடு கட்டிய ஒரு சகோதரர், மாடியில் இரண்டு குடித்தனங்களை வைத்திருந்தார். அவற்றுள் ஒரு குடும்பம் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. "பாய், இன்னும் பத்து நாள் பொறுத்துக்குங்க" என்று ஒவ்வொரு பத்து நாளும் சொல்லி வந்தனர். ஒரு நாள் அக்குடும்பத்தார் வெளியே சென்றிருந்த சமயம், இவர் அவர்கள் பூட்டின் மேல் தம் பூட்டையும் போட்டுவிட்டார். மாலையில் திரும்பி வந்த அவர்கள் பிள்ளைகளுடன் மாடிப்படியில் அமர்ந்திருந்தனர். தெருவே கூடிவிட்டது. நம் அலுவலகத்துக்கு வந்த அந்தச் சகோதரர் கேட்ட கேள்வி இதுதான்: "என் வீடு, என் பூட்டு, இதில் என்ன தப்பு?"

நேர்மையான கேள்விதான். அவர் வாடகை இருந்த காலத்தில் அவருடைய வீட்டுக்காரர் அவரிடம் நடந்துகொண்ட விதத்தையே அவர் கற்றிருந்தார். ஆனால் அக்கேள்விக்குச் சென்னை நகரம் நூறு ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறது. அந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பகுதியில் வாடகை எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் காண்போம். 1806இல் எண்ணூர் வரை வெட்டப்பட்ட கொக்ரேன் கால்வாய், பிற்காலத்தில் நீட்டிக்கப்பட்டு, பஞ்ச காலமான 1877-78இல் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் சுண்ணாம்பும் அதன் வழியே நகருக்கு வந்தன. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. 1870களில் துறைமுக வேலை தொடங்கியது. 1876இல் பக்கிங்காம் ஆலையும், அதன்பின் கர்நாடிக் ஆலையும் பெரம்பூரில் எழுந்தன. கால்வாய், ரயில், துறைமுகம், ஆலை ஆகிய நான்கும் ஆளைக் கேட்டன. செங்கற்பட்டிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் ஆள் வந்தது. ஆனால் வந்தவர் தலை சாய்க்க வீடு கட்டித் தர முதலாளிகளுள் பெரும்பாலோர் முன்வரவில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு தானே உருவாயிற்று. நிலம் ஒருவருடையது; அதன் மேல் குடிசையோ ஓட்டு வீடோ போட்டுக்கொள்பவர் வேறொருவர். நிலத்துக்கு மட்டும் மாதந்தோறும் சிறு தொகை. இதையே நம் முன்னோர் அடிமனை வாடகை என்றனர். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாடகையைக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை எவரும் எழுப்பமாட்டார் என்ற நம்பிக்கை ஒன்றே ஆவணம். அந்த நம்பிக்கையில் மண் சுவர் செங்கல் சுவராயிற்று, கீற்று ஓடாயிற்று. ஒரு தலைமுறை உழைப்பு, பிறருடைய நிலத்தின் மேல் நின்றது.

முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் நகரில் நிலத்தின் விலை ஏறியது. நிலத்துக்காரர்கள் விழித்துக்கொண்டனர். கட்டடத்தைப் பிரித்துக்கொண்டு போ, நிலத்தைக் காலி செய் என்று அறிவிப்புகள் வந்தன. சட்டப்படி அவர்கள் சொன்னது சரியே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி மாத வாடகையில் இருப்பவரைப் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம். அவர் கட்டிய வீட்டுக்கு ஈடு கேட்க வழியில்லை. செங்கல்லையும் மரத்தையும் பெயர்த்து எடுத்துச் செல்லலாம், அவ்வளவே.

இந்த அநீதியைத் தடுக்க வந்ததே சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1921. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் நிறைவேறி, 1922ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாகப் பதிவானது. பிறர் நிலத்தில், வெளியேற்றப்படமாட்டோம் என்ற நம்பிக்கையில் கட்டடம் கட்டியவர்களைக் காப்பதே தன் நோக்கம் என்று அச்சட்டம் தன் முகப்பிலேயே கூறிக்கொண்டது. நிலத்துக்காரர் வெளியேற்ற வேண்டுமாயின் கட்டடத்துக்கும் மரங்களுக்கும் ஈடு தர வேண்டும். அதற்கு மேலும் ஒரு படி சென்று, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த நிலத்தையே தமக்கு விற்குமாறு குடியிருப்பவர் கேட்கலாம் என்றது. வடசென்னையில் இன்று சொந்த மனை என்று சொல்லப்படும் பல துண்டு நிலங்களின் பழைய பத்திரங்களைப் புரட்டினால், அடியில் இந்தச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவைக் காணலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலத்துக்காரர்கள் பொறுமையாக, ஒப்பந்தம் எழுதி, வாடகையை நியாயமாக ஏற்றியிருந்தால் இச்சட்டமே வந்திராது என்பது எம் கருத்து. அவசரப்பட்டு ஆயிரம் பேரை எழுப்ப முனைந்தமையால், சிலர் நிலத்தையே இழந்தனர்.

வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இதற்குப் பின்னரே நம் நகருக்கு வந்தது. அதன் வேர் வெகு தொலைவில், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் இருக்கிறது. அதுவும் நம் பகுதியைப் போன்றே துறைமுகமும் கப்பல் பட்டறையும் தொழிலாளர் நெரிசலும் கொண்ட ஊர். 1915இல் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு ஆள்கள் குவிந்ததும், அங்கிருந்த வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். கணவன்மார் போர்முனையில் இருக்க, வீட்டிலிருந்த பெண்கள் ஒன்றுகூடி, ஏற்றிய வாடகையைத் தரமாட்டோம் என்றனர். மேரி பார்பர் என்னும் பெண்மணி அவர்களை வழிநடத்தினார். காலி செய்விக்க அமீனா தெருவில் நுழைந்தால் மணி அடித்து அண்டை வீட்டாரை அழைத்து, வாசலை மறித்துக்கொள்வார்களாம். நவம்பரில் பட்டறைத் தொழிலாளரும் சேர்ந்துகொண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் அரசு வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தும் சட்டத்தை இயற்றியது. அதன் சாயலில் பம்பாயில் 1918இலும் கல்கத்தாவில் 1920இலும் வாடகைச் சட்டங்கள் வந்தன.

சென்னையில் அக்கட்டுப்பாடு இரண்டாம் உலகப்போரோடு வந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் வீடுகளுக்கும் 1942இல் கடை, கிடங்கு முதலியவற்றுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. அடுத்து நடந்தது ஒரு விந்தை. 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியர் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கினர். சென்னையிலிருந்து மக்கள் வெளியேறுமாறு அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றமே கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. சென்ட்ரலுக்கு அருகில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள், குண்டு விழுந்து தப்பி ஓடினால் ஆபத்து என்று சுட்டுக் கொல்லப்பட்டன. 1914இல் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதை நேரில் கண்டவர்கள் உயிரோடிருந்த காலம் அது. வதந்திக்குக் கால் முளைக்கக் கேட்கவா வேண்டும்! தெருத் தெருவாக வீடுகள் காலியாகக் கிடந்தன. வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும், வாடகையே வேண்டாம் என்று சாவியைக் கொடுத்துச் சென்றவர்களும் உண்டு.

அபாயம் நீங்கியதும் சென்றவர்கள் திரும்பினர். அவர்களோடு போர் வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்தனர். சிமெண்டும் இரும்பும் கிடைக்காமையால் புது வீடு எழவில்லை. பத்து வீட்டுக்கு ஐம்பது பேர் போட்டி. முன்பணம், பகடி, சாவிப் பணம் என்று பல பெயர்களில் கைமாறின. சாவியை வாங்கிக்கொண்டு காவலுக்கு இருந்தவர் காலி செய்ய மறுத்த கதைகளும் நடந்தன. ஆகவே போர் முடிந்த பின்னரும் கட்டுப்பாட்டைக் கைவிட அரசால் இயலவில்லை. போர்க்கால ஆணை 1946இல் சட்டமாயிற்று. 1949இல் மாற்றி எழுதப்பட்டது. 1960இல் 18ஆம் சட்டமாக, சென்னைக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் என்று நிலைபெற்றது. நாம் பலரும் "ரெண்ட் கண்ட்ரோல்" என்று அறிந்தது இதையே. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நம் நகரின் வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் உறவை இதுவே ஆண்டது.

இச்சட்டத்தின் உள்ளே சற்று நின்று பார்ப்பது நலம். ஏனெனில் அதன் ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னும் ஒரு பழைய சண்டை ஒளிந்திருக்கிறது.

எட்டாவது பிரிவை எடுத்துக்கொள்வோம். வாடகையோ முன்பணமோ வாங்கும் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ரசீது கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அக்காலத்தில் ஒருவரைக் காலி செய்விக்க எளிய வழி, வாடகையை வாங்க மறுப்பதே. முதல் தேதி பணத்தோடு சென்றால் வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்பார்கள். இரண்டு மாதம் இவ்வாறு கழிந்ததும், வாடகை பாக்கி என்று வழக்குப் போடுவார்கள். கொடுத்ததற்கும் சான்று இல்லை. கொடுக்க வந்ததற்கும் சான்று இல்லை. இதற்கு மாற்றாகச் சட்டம் படிப்படியாக ஒரு வழியை அமைத்தது. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், பத்து நாளுக்குள் ஒரு வங்கியின் பெயரைச் சொல்லும்படி குடியிருப்பவர் எழுத்தில் கேட்க வேண்டும். சொன்னால் அங்கே கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்ப வேண்டும். அதையும் திருப்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்து, அங்கே செலுத்தலாம். சென்னையில் அந்த அதிகாரியாகச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகளே இருந்தனர். திருப்பியனுப்பப்பட்ட மணியார்டர் தாள்களைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அதுவே வீட்டுப் பத்திரம்.

பதினேழாவது பிரிவு, குடியிருப்பவர் அனுபவித்து வரும் வசதிகளை வீட்டுக்காரர் நியாயமான காரணமின்றித் துண்டிக்கக் கூடாது என்றது. தண்ணீர்க் குழாயை மூடுவது, மின்சார ஃபியூஸைப் பிடுங்குவது, கக்கூஸைப் பூட்டுவது ஆகிய மூன்றும் வடசென்னையில் வழக்கை விட விரைவான ஆயுதங்களாக இருந்தன. இவற்றைக் கையாண்ட வீட்டுக்காரர், குற்றவாளியைப் போல அதிகாரி முன் நிற்க நேர்ந்தது. அதன்பின் அவருடைய நியாயமான பாக்கி வழக்கும் வலுவிழந்து போயிற்று. இன்று மாடிக்கு மோட்டார் போட மறுப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

மறுபுறம், வீட்டுக்காரருக்கு வழியே இல்லை என்பதும் பிழை. பத்தாவது பிரிவு காலி செய்விக்கும் காரணங்களை வரிசையாகச் சொன்னது: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல், குடியிருக்க எடுத்த வீட்டில் வேறு தொழில் நடத்துதல், கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தல், அண்டையாருக்குத் தொல்லை தருதல், நான்கு மாதம் தொடர்ந்து பூட்டிப் போடுதல், வீட்டுக்காரருடைய உரிமையையே மறுத்தல். தமக்கோ தம் பிள்ளைக்கோ வீடு தேவைப்பட்டாலும் கேட்கலாம். ஆனால் எதற்கும் அதிகாரியின் ஆணை வேண்டும். தம் கையால் செய்துகொள்ள முடியாது.

"வேண்டுமென்றே" என்ற ஒரு சொல்லைப் பற்றி நீதிமன்றங்களில் நடந்த வாதங்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். ஆலை கதவடைப்பால் வாடகை தரமுடியாதவரும், கையில் பணத்தை வைத்துக்கொண்டு தராதவரும் ஒன்றா? 1973இல் சட்டத்தைத் திருத்தி, பாக்கியைக் கேட்டு வீட்டுக்காரர் இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்த பின்னரும் செலுத்தாவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படும் என்று விளக்கம் சேர்த்தனர். 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்விளக்கத்தை ஆராய்ந்து, அறிவிப்புக் கொடுத்திருந்தால் அதுவே அளவுகோல், கொடுக்காவிட்டால் ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று தீர்த்தது. வாயால் நூறு முறை கேட்பதைவிட, தபாலில் ஒரு முறை கேட்பது வீட்டுக்காரருக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது இதனால் விளங்கும். அதற்கு முன் 1979இல், தனபால் செட்டியார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாடகைச் சட்டத்தின் கீழ்க் காலி செய்விக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் அறிவிப்பு தேவையில்லை என்று தெளிவாக்கியது. அதுவரை, அறிவிப்பில் ஒரு தேதி பிசகியதற்காகப் பத்தாண்டு வழக்கைத் தோற்ற வீட்டுக்காரர்கள் இருந்தனர்.

இச்சட்டத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. நியாய வாடகை என்பது கட்டடச் செலவையும் நில மதிப்பையும் கணக்கிட்டு, 1973க்குப் பின் குடியிருப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 9, மற்றவற்றுக்கு 12 என்ற விகிதத்தில் நிர்ணயிக்கப்பட்டது. அதை ஏற்ற வேண்டுமாயின் வழக்கு, பொறியாளர் அறிக்கை, மேல்முறையீடு. சிறிய வீட்டுக்காரர் அலுத்துப்போய்ப் பழைய வாடகையையே வாங்கினார்; ஆகவே ஓட்டை மாற்றவில்லை; சுவரைப் பூசவில்லை. நூறு ரூபாய் வாடகைக் கட்டடம் ஒருநாள் மழையில் இடிந்தால் குற்றம் யாருடையது? முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. ஊரில் பத்து மாத முன்பணமே வழக்கமாயிற்று. வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும், அரசு ஊழியருக்கு அதை ஒதுக்கலாம் என்ற விதிக்கு அஞ்சி, காலி வீட்டில் ஒரு பாயை விரித்து ஆள் இருப்பதாகக் காட்டியவர்களும் உண்டு. நடைமுறைக்கு ஒவ்வாத விதி, நல்லவரையும் பொய் சொல்ல வைத்துவிடுகிறது.

மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கை 1986இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் பொது அறக்கட்டளைகளுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு, 1976 ஆகஸ்டில் வெளியான அரசாணை எண் 2000 மூலம் விலக்களிக்கப்பட்டது. அற்ப வாடகையால் அறச்சொத்துகள் நலிந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1985இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. வக்ஃபு கடைகளின் கதை தனியே எழுதத்தக்கது. இங்கே அதை விரிக்கவில்லை.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சட்டத்தை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. 1970இல் குடிசைப் பகுதி மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் வந்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதியில் உள்ள கட்டடத்திலிருந்து ஒரு வாடகைதாரரை வெளியேற்ற வழக்குத் தொடுக்க வேண்டுமாயின், உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்பது அதன் 29ஆம் பிரிவு. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கால்வாய்க் கரையிலும், தெருவின் இப்புறம் அறிவிக்கப்பட்ட பகுதியாகவும் அப்புறம் சாதாரணப் பகுதியாகவும் இருத்தல் உண்டு. அனுமதி பெறாமல் தொடுத்த வழக்கு, பல ஆண்டுகள் நடந்த பின்னும் அந்த ஒரு காரணத்தால் நிலைகுலையலாம். மனை வாங்கும்போதே இதை விசாரித்துக்கொள்ளுதல் நலம். வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது.

போக்கியம் பற்றியும் ஒரு சொல். வடசென்னையில் "லீஸுக்கு வீடு" என்று எழுதித் தொங்கவிடுவது இதையே. ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, மாத வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டு குடியிருக்க விட்டு, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தருவது. இதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிக. நாம் சொல்வது நடைமுறையை மட்டுமே. அடைமானத் தொகை நூறு ரூபாய்க்கு மேற்பட்டால் பதிவு செய்யப்பட்ட பத்திரம் வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. ஆயினும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைப்பதே வழக்கம். வாங்கிய தொகையில் மகளின் திருமணத்தை முடித்துவிட்டு, தவணை முடிந்ததும் திருப்பித் தர வழியின்றி, அடுத்த போக்கியக்காரரைத் தேடி அலையும் சகோதரர்களை நாம் அறிவோம். அங்கே காலி செய்ய மறுப்பவர் குடியிருப்பவர் அல்லர். அவரைக் காலி செய்ய விடாதவர் வீட்டுக்காரரே.

பதினோரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கமும் இத்தகைய பழைய சட்டம் ஒன்றின் நிழலே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், செலவைத் தவிர்க்கப் பதினொன்றில் நிறுத்தினர். பன்னிரண்டாவது மாதம் என்ன ஆகும் என்று இருவரும் கேட்பதில்லை.

இந்நிலையில்தான் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் வந்தது. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம், 2017 என்பது அதன் நீண்ட பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை என்ற கணக்கு போயிற்று. இருவரும் ஒப்புக்கொள்வதே வாடகை. ஆனால் அந்த ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதனை இணையதளத்திலேயே செய்யலாம். துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாதவர் வாடகை அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கண்டிராவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கத் தடை முன்போலவே தொடர்கிறது. ரசீதும் தொடர்கிறது.

இச்சட்டம் வீட்டுக்காரருக்குச் சாதகமானது என்று பரவலாகப் பேசப்படுகிறது. ஓரளவு உண்மையே. ஆனால் அதன் சாதகமெல்லாம் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தவருக்கே. எழுதாதவர் வாடகை அதிகாரி முன் சென்றால், முதல் கேள்வியே "ஒப்பந்தம் எங்கே?" என்பதுதான். குடியிருப்பவர் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவற்றை வாங்கி வைப்பதும் அவசியம். 2012இல் வேளச்சேரிச் சம்பவத்துக்குப் பின், வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தருமாறு சென்னை மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். ஒரு குடும்பத்துக்கு என்று விட்ட அறையில், வெளிமாநில இளைஞர்கள் பன்னிரண்டு பேரை ஒப்பந்தக்காரர் ஒருவர் தங்க வைத்துவிட்ட சம்பவம் நம் தெருவிலேயே நடந்தது. அந்த இளைஞர்கள் மீது குற்றமில்லை. நூறாண்டுக்கு முன் நெல்லூரிலிருந்து வந்த நம் பாட்டனாரும் அவ்வாறே தங்கினார். எத்தனை பேர், எவ்வளவு காலம், உள்வாடகை உண்டா இல்லையா என்று முதல் நாளே எழுதாததே குற்றம்.

மீண்டும் மாடிப்படியில் அமர்ந்திருந்த அக்குடும்பத்துக்கு வருவோம். அன்று இரவு இஷா தொழுகைக்குப் பின் இரு தரப்பாரையும் அலுவலகத்துக்கு அழைத்தோம். பேச்சைத் தொடங்கும் முன் பூட்டை எடுத்து வரச் சொன்னோம். அந்தச் சகோதரர் சற்றுத் தயங்கி, பிறகு தம் மகனை அனுப்பினார். பாக்கி எவ்வளவு என்று கேட்டபோது இவர் நான்கு மாதம் என்றார். அவர் மூன்று மாதம் என்றார். இருவரிடமும் ரசீது இல்லை. வீட்டுக்காரர் தம் வீட்டு நாள்காட்டியைக் கொண்டுவந்தார். வாடகை வந்த தேதிகளில் வட்டம் போட்டிருந்தது. குடியிருந்தவரின் மனைவி தம் வீட்டு நாள்காட்டியைக் கொண்டுவந்தார். அதிலும் வட்டங்கள் இருந்தன. இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு மாதத்தில் மட்டும் ஒன்றில் வட்டம் இருந்தது, மற்றதில் இல்லை. இருவரும் சத்தியம் செய்யத் தயாராயினர், நாம் தடுத்தோம்.

அந்த மாதத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்றும், எஞ்சிய பாக்கியை ஆறு தவணையில் தருவது என்றும், அதன்பின் மூன்று மாதத்தில் காலி செய்வது என்றும் எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். நான்கு தவணைகள் ஒழுங்காக வந்தன. மீதியை முன்பணத்தில் கழித்துக்கொண்டு, சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அக்குடும்பத்தார் வீட்டைக் கழுவித் துடைத்துச் சாவியைக் கொடுத்துச் சென்றனர். மறுநாள் அந்தச் சகோதரர் பாரிமுனைக்குப் போய் நூறு தாள் கொண்ட ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். முதல் தாளை, எதிர்ப் பகுதியில் இருக்கும் மற்றக் குடித்தனக்காரருக்கு எழுதினார். அவரோ, ஐந்து ஆண்டாக ஒரு மாதமும் தவறாமல் வாடகை தந்து வருபவர், இது எதற்கு என்று புரியாமல் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.